தலையை வாலாக்கியவர்: லூயிஸ் கரோல்



இங்கிலீஷ் டிக்டேஷன் என்று சொன்னாலே உங்களில் எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கும்? எனக்குக் கலக்கும். ‘நாலெட்ஜ்’ என்ற சொல்லில் ஒரு கே, ஒரு டபிள்யு, ஒரு டி மூன்றும் சத்தம் போடாமல் ஒளிந்திருப்பது எழுதி முடித்து மார்க் போன பிறகுதான் தெரியும். இப்படிப்பட்ட எழுத்துகளை வைத்து ஒருத்தர் வாழ்நாள் முழுக்க விளையாடினார். அவருக்கு வாய்ப்பேச்சு திக்கும். ஆனாலும் சொற்களோடு அவர் அளவுக்குச் சிநேகமாக இருந்தவர்கள் ரொம்பக் குறைவு. அவருடைய கதைதான் இந்த மாதம்.

ஒரு சின்ன வேண்டுகோள். இதில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். நீங்கள் ரஃப் நோட்டையும் பென்சிலையும் கையில் வைத்துக்கொண்டு, அவற்றை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள். அப்போதுதான் வேடிக்கை புரியும். ஸ்பெல்லிங்கும் பழகும்!

பிறப்பும் வீடும்

லூயிஸ் கரோல் என்பது புனைபெயர். உண்மைப் பெயர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன். இங்கிலாந்தில் செஷயர் பகுதியில் உள்ள டேர்ஸ்பரி என்ற சிற்றூரில் 1832 ஜனவரி 27 அன்று பிறந்தார். அப்பா பாதிரியார். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள்! அதில் சார்லஸ் மூன்றாவது பிள்ளை, ஆனால் பையன்களில் மூத்தவன்.

சார்லஸுக்கு 11 வயதானபோது அப்பாவுக்கு யார்க்ஷயரில் உள்ள கிராஃப்ட் என்ற ஊருக்கு மாற்றல் ஆனது. டீஸ் என்ற ஆற்றங்கரையில் பெரிய வீடு, பெரிய தோட்டம். தம்பி தங்கைகளுக்கு விளையாட்டு கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் மூத்த அண்ணனின் வேலை. தோட்டத்திலேயே ஒரு ரயில் விளையாட்டு ஏற்பாடு செய்தான். ஸ்டேஷன் உண்டு, பயணிகளுக்குச் சட்டதிட்டங்களும் உண்டு! பொம்மலாட்டம் நடத்தினான், மந்திர வித்தை காட்டினான்.

இன்னொன்றும் செய்தான். அதைப் படித்தபோது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குள்ளேயே கையெழுத்துப் பத்திரிகை நடத்தினான்! ஆமாம், நம்ம சுவர் இதழ் மாதிரியேதான். 1845-ல், 13 வயதில், ஒரு தம்பிக்காகவும் ஒரு தங்கைக்காகவும் முதல் பத்திரிகையை எழுதினான். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வேறு வேறு பெயர்களில் பத்திரிகைகள் வந்தன. ஆரம்பத்தில் அக்கா, தங்கை, தம்பி எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள். போகப்போக ஆர்வம் குறைந்து, கடைசியில் சார்லஸ் ஒருவனே எழுதி, ஒருவனே படம் போட்டு முடிக்க வேண்டியதாகிவிட்டது. (நம்ம இதழ் ஆசிரியர் குழுவுக்கு இது நன்றாகவே புரியும்!) கடைசியாக நடத்திய பத்திரிகையின் பெயர் ‘மிஷ்மாஷ்’. கலவை, கதம்பம் என்று பொருள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வரும்.

திக்கிய பேச்சு

இவ்வளவு உற்சாகமான பையனுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. பேசும்போது சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். உடன்பிறந்தவர்களில் வேறு சிலருக்கும் திக்குவாய் இருந்தது. போதாததற்குச் சிறு வயதில் வந்த காய்ச்சலால் வலது காது கேட்காமல் போனது.

1846-ல் ரக்பி என்ற புகழ்பெற்ற விடுதிப் பள்ளியில் சேர்ந்தான். ரக்பி விளையாட்டுக்குப் பெயர் தந்த பள்ளி அதுதான். கணக்கில் பரிசு மேல் பரிசு வாங்கினான். ஆனால் விடுதி வாழ்க்கை அவனுக்குப் பிடிக்கவே இல்லை. இரவில் பெரிய பையன்கள் சின்னப் பையன்களைப் படுத்திய பாடு அப்படி. அந்த மூன்று வருடத்தை இன்னொரு முறை வாழச் சொன்னால் எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்க மாட்டேன் என்ற பொருளில் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

1851 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் தங்கிப் படிக்கப் போனார். (காலேஜ் போய்விட்டார், இனிமேல் ‘அவர்’ என்றே சொல்வோம்.) போய் இரண்டே நாளில் அம்மா இறந்துபோனார் என்ற செய்தி வந்தது. மறுநாள் அவருக்கு 19-வது பிறந்தநாள்.

அந்தத் துக்கத்தோடுதான் படித்தார். 1854-ல் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். 1855-ல் அதே கல்லூரியில் கணித விரிவுரையாளர் ஆனார். சாகும்வரை அந்தக் கல்லூரிதான் அவருக்கு வீடு. கணக்கிட்டால் 47 வருடம்!

ஆனால் திக்குவாயோடு வகுப்பில் நின்று பாடம் நடத்துவது எவ்வளவு கஷ்டம்? பேச்சுப் பயிற்சி தருபவரிடம் போய்ப் பயிற்சி எடுத்தார். முழுமையாகக் குணமாகவில்லை. 1861-ல் கிறிஸ்தவ சமயப் பணியில் முதல் படியான டீக்கன் பட்டம் பெற்றார். அதற்கு மேல் போய் முழுப் பாதிரியார் ஆகவே இல்லை. அதற்குத் திக்குவாயும் ஒரு காரணம் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

வாயில் நின்றுபோன சொல் பேனாவில் நிற்கவில்லை. தாளின் முன்னால் உட்கார்ந்தால் அவரை அவசரப்படுத்த யாரும் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, திருப்பிப் பார்த்து, மாற்றி வைத்து நிதானமாக விளையாடலாம். முதலில் விளையாடியது தன் பெயரோடுதான்!

பெயர் பிறந்த கதை

1856-ல் ஒரு பத்திரிகையில் எழுத அவருக்குப் புனைபெயர் தேவைப்பட்டது. சார்லஸ் லட்விட்ஜ் என்ற இரண்டு பெயர்களையும் லத்தீன் மொழிக்கு மாற்றினார். ‘கரோலஸ் லுடோவிகஸ்’ என்று வந்தது. முன்பின்னாகத் திருப்பிப் போட்டார், ‘லுடோவிகஸ் கரோலஸ்’. அதை மறுபடி ஆங்கிலப் பெயராக்கினார், ‘லூயிஸ் கரோல்’! இதோடு, தன் பெயரின் எழுத்துகளையே குலைத்துப் போட்டு இன்னும் இரண்டு பெயர்களையும் உருவாக்கிக் கொடுத்திருந்தார். பத்திரிகை ஆசிரியர் தேர்ந்தெடுத்தது லூயிஸ் கரோலை.

1862 ஜூலை 4 அன்று நண்பர் ஒருவரோடும், கல்லூரித் தலைவர் லிடெல் அவர்களின் மூன்று பெண்களோடும் தேம்ஸ் ஆற்றில் படகில் போனார். கதை சொல்லச் சொல்லிக் குழந்தைகள் நச்சரித்தார்கள். முயல் வளைக்குள் விழுந்த ஒரு சிறுமியின் கதையை அங்கேயே கட்டிச் சொன்னார். அதை எழுதித் தரும்படி ஆலிஸ் என்ற பெண் கேட்டாள். தன் கையாலேயே அழகாக எழுதி, 37 படங்களும் வரைந்து 1864-ல் அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார். அதை விரிவாக்கி 1865-ல் அச்சிட்டதுதான் ‘அற்புத உலகில் ஆலிஸ்’. இரண்டாவது ஆலிஸ் கதை 1871 கடைசியில் வந்தது. இந்தக் கதைகள் உங்களுக்குத் தெரியும், அதனால் நான் எழுத்து விளையாட்டுக்கு வருகிறேன்.

போரடிக்குது, என்ன செய்ய?

1877 கிறிஸ்துமஸ் சமயம். ஜூலியா, எத்தல் என்று இரண்டு சகோதரிகள். அவர் படித்த ரக்பி பள்ளியில் முன்பு தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டின் பேத்திகள். அவர்களுக்குப் பொழுது போகவில்லை, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அலுத்துக்கொண்டார்கள். கரோல் அவர்களுக்காகவே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். அதற்குச் சீட்டு வேண்டாம், காய் வேண்டாம், காசும் வேண்டாம். ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் போதும்.

விதி இதுதான்:

1. ஒரே அளவு எழுத்துகள் கொண்ட இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ள வேண்டும்.
2. முதல் சொல்லில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாற்றி அடுத்த சொல்லை உண்டாக்க வேண்டும்.
3. இடையில் வரும் ஒவ்வொன்றும் பொருள் உள்ள உண்மையான சொல்லாக இருக்க வேண்டும்.
4. எழுத்துகளை இடம் மாற்றக் கூடாது. கூட்டவோ குறைக்கவோ கூடாது.
5. இப்படியே படிப்படியாகப் போய் இரண்டாவது சொல்லை அடைய வேண்டும். படிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அவர் கொடுத்த உதாரணத்தையே பார்ப்போம். தலையை வாலாக்க வேண்டும். அதாவது ‘ஹெட்’ என்பதை ‘டெயில்’ ஆக்க வேண்டும். இரண்டுமே நான்கு எழுத்து.

ஹெட் (தலை) – ஹீல் (குணமாக்கு) – டீல் (ஒரு சிறு வாத்து) – டெல் (சொல்) – டால் (உயரமான) – டெயில் (வால்)

ரஃப் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். கடைசி எழுத்து, முதல் எழுத்து, மூன்றாவது, இரண்டாவது, மறுபடி மூன்றாவது என்று ஒவ்வொன்றாக மாறி, ஐந்தே தாவலில் தலை வாலாகிவிட்டது!

இன்னொன்று, பன்றியைத் தொழுவத்துக்குள் விரட்ட வேண்டும். ‘பிக்’ என்பதை ‘ஸ்டை’ ஆக்க வேண்டும். மூன்றெழுத்து.

பிக் (பன்றி) – விக் (பொய்முடி) – வேக் (வாலை ஆட்டு) – வே (வழி) – சே (சொல்) – ஸ்டை (பன்றித் தொழுவம்)

முதலில் இதற்கு ‘வேர்டு லிங்க்ஸ்’ என்று பெயர் வைத்தார், சொற்சங்கிலி என்று பொருள். பிறகு ‘டப்லெட்ஸ்’ என்று மாற்றினார். 1879 மார்ச் 29 அன்று லண்டனில் வெளிவந்த ‘வேனிட்டி ஃபேர்’ என்ற வார இதழ் இந்தப் புதிரை வெளியிட்டுப் போட்டியும் நடத்தியது. அதே வருடம் புத்தகமாகவும் வந்தது. இப்போது உலகமெங்கும் இதை ‘வேர்டு லேடர்’ என்கிறார்கள், அதாவது சொல் ஏணி.

எந்தச் சொல் செல்லும்?

போட்டி என்று வந்தால் தகராறும் வரும்தானே? அகராதியின் மூலையில் கிடக்கும், யாருமே கேள்விப்படாத சொல்லை ஒருவர் கொண்டுவந்து நுழைத்தால் என்ன செய்வது? அதனால் கரோல் ஒரு வேலை செய்தார். மூன்றெழுத்து முதல் ஏழெழுத்து வரை, இந்த விளையாட்டில் எந்தெந்தச் சொற்கள் செல்லும் என்று எழுத்து எண்ணிக்கை வாரியாகப் பிரித்து ஒரு பட்டியலே தயாரித்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் கையால் பொறுக்கி எடுத்தது!

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், நாலு பேர் பழக்கத்தில் இருக்கும் சொற்களுக்குத்தான் அவர் மரியாதை கொடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தவர், லத்தீன் கிரேக்கம் எல்லாம் படித்தவர். நினைத்திருந்தால் கடினமான சொற்களாகப் போட்டு மிரட்டியிருக்கலாம். அவருடைய சங்கிலிகளைப் பாருங்கள். சே, வே, டெல், டால், புக். பெரும்பாலும் நாம் ஐந்தாம் வகுப்புக்குள் படித்துவிட்ட சொற்கள்தான்.

எழுத்தை வைத்துச் சொல்லைத் தேடு

அடுத்த விளையாட்டு 1881-ல் வந்தது. இதற்குத் தன் பழைய வீட்டுப் பத்திரிகையின் பெயரையே வைத்தார், ‘மிஷ்மாஷ்’! (ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா?)

இருவர் ஆட வேண்டும். ஒருவர், சேர்ந்தாற்போல் வரும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துகளைச் சொல்வார். மற்றவர் அந்த எழுத்துகள் அதே வரிசையில், ஒட்டியபடி உள்ளே வரும் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊர்ப் பெயர், ஆள் பெயர் செல்லாது. இதிலும் பொதுவாகப் புழங்கும் சொல்லாகத்தான் இருக்க வேண்டும்.

‘ஜி’ எழுத்தும் அதை ஒட்டி ‘பென்’ என்பதில் வரும் ‘பி’ எழுத்தும் வரும் சொல் எது? இப்படி ஒரு ஜோடி எந்தச் சொல்லிலாவது வருமா என்றே தோன்றும். விடை ‘மேக்பை’ என்ற பறவை. ‘ஈ, எம், ஓ’ சேர்ந்து வருவது? லெமன், நம்ம எலுமிச்சம்பழம்! ‘ஐ, எம், எஸ், ஈ’ சேர்ந்து வருவது? ‘ஹிம்செல்ஃப்’. தினமும் எழுதும் சொல்தான். ஆனால் நடுவிலிருந்து உருவி எடுத்துக் காட்டினால் நமக்கே அடையாளம் தெரிவதில்லை.

இந்த விளையாட்டில் நான் கற்றுக்கொண்டது இதுதான். நாம் சொல்லை எப்போதும் முதல் எழுத்திலிருந்துதான் தேடுகிறோம். அகராதியும் அப்படித்தான் இருக்கிறது. நடுவிலிருந்து தேடச் சொன்னால், தெரிந்த சொற்களையெல்லாம் மனசுக்குள் ஒரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப் புரட்டும்போது ஸ்பெல்லிங் தானாகவே பதிந்துவிடுகிறது.

இரவிலும் ஓயாத மூளை

கரோலுக்கு இரவில் சுலபமாகத் தூக்கம் வராது. படுத்தபடியே மனசுக்குள் கணக்குப் போடுவார், எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அடுக்குவார். போர்முனையில் காயம்பட்டவர்களைக் கவனித்த ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரில் உள்ள 19 எழுத்துகளையும் ஒன்றுகூட விடாமல் மாற்றி அடுக்கினார். ‘உற்சாகமூட்டும் தேவதையே, பறந்துகொண்டே இரு’ என்ற பொருள் வரும் நான்கு ஆங்கிலச் சொற்கள் கிடைத்தன!

இப்படி இரவில் தோன்றுவதை எழுதி வைக்க வேண்டுமே. ஒவ்வொரு தடவையும் எழுந்து விளக்கேற்றுவது பெரிய தொல்லை. எனவே 1891-ல் இருட்டிலேயே எழுத ஒரு கருவி செய்தார். ஒரு அட்டையில் 16 சதுர ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் புள்ளியும் கோடுமாகப் போடும் தனி எழுத்துமுறை. போர்வைக்குள் கையை வைத்தபடியே எழுதலாம்!

1861 முதல் வந்த கடிதம், போன கடிதம் எல்லாவற்றையும் எண் போட்டு ஒரு பதிவேட்டில் குறித்து வந்தார். கடைசி எண் 98,721. பேச்சு திக்கியவர் கடிதத்தில் எவ்வளவு பேசியிருக்கிறார் பாருங்கள்!

1880-ல் நாட்குறிப்பில் ஒரு யோசனையையும் எழுதி வைத்தார். சதுரங்கப் பலகையில் எழுத்துகளை நகர்த்திச் சொற்கள் உண்டாக்கும் ஒரு விளையாட்டு செய்யலாமே என்று. அது நடந்து அரை நூற்றாண்டு கழித்து, 1930-களில் அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் பலகையில் எழுத்துகளை அடுக்கும் ஒரு விளையாட்டை உருவாக்கினார். 1948-ல் அதற்கு ‘ஸ்கிராபிள்’ என்ற பெயர் வந்தது.

---------------------------
உங்களுக்குத் தெரியுமா?
ஆலிஸ் கதையைப் படித்து மகிழ்ந்த விக்டோரியா மகாராணி, அவருடைய அடுத்த புத்தகத்தைக் கேட்டாராம். வந்ததோ கணிதப் புத்தகமாம்! இது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை. ஆனால் இப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று 1896-ல் கரோலே தன் தர்க்கவியல் புத்தகத்தில் மறுத்து அச்சிட்டார்.
---------------------------

மறைவும் அதற்குப் பிறகும்

1898 ஜனவரி 14 அன்று, கில்ட்ஃபோர்டு என்ற ஊரில் தங்கைகள் வசித்த வீட்டில், நிமோனியா காய்ச்சலால் காலமானார். இன்னும் இரண்டு வாரத்தில் 66 வயது நிரம்பியிருக்கும். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் போனார், ஏணி நின்றது. அமெரிக்காவின் புகழ்பெற்ற கணினி அறிஞர் டொனால்ட் நூத் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் 5,757-ஐத் திரட்டினார். ஒரு எழுத்தை மாற்றினால் எந்தச் சொல் எதோடு சேரும் என்று கம்ப்யூட்டரில் பார்த்தார். 671 சொற்களுக்குப் பக்கத்து வீடே இல்லை! எந்த எழுத்தை மாற்றினாலும் வேறு சொல் கிடைக்காது. அப்படித் தனித்து நிற்பவற்றில் ஒன்று ‘அலூஃப்’. அந்தச் சொல்லுக்கு அர்த்தமே ‘ஒட்டாமல் தனித்திருப்பது’ என்பதுதான்!

சயின்ஸ் பிடித்தவர்களுக்கு ஒரு செய்தி. டார்வினின் பரிணாமப் புத்தகம் வந்தது 1859-ல். சரியாக 20 வருடம் கழித்து, குரங்கிலிருந்து மனிதனை வரவழைக்கும்படி கரோல் ஒரு புதிர் போட்டார். ‘ஏப்’ என்பதை ‘மேன்’ ஆக்க வேண்டும். அவர் கொடுத்த விடை:

ஏப் (வாலில்லாக் குரங்கு) – ஆர் (இருக்கிறார்கள்) – ஏர் (முன்னால் என்பதற்குப் பழைய சொல்) – எர் (தவறு செய்) – இயர் (காது) – மார் (கெடு) – மேன் (மனிதன்)

இது வேடிக்கைதான். ஆனால் 1970-ல் ஜான் மேனார்ட் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் உயிரியல் அறிஞர் இதே விளையாட்டை எடுத்து ஒரு பெரிய கேள்விக்குப் பதில் சொன்னார். நம் உடம்பில் உள்ள புரதங்கள் அமினோ அமிலங்களால் கோத்த மாலைகள். ஒரு புரதம் இன்னொரு புரதமாக எப்படி மாற முடியும்? ஒரு நேரத்தில் ஒரு மணி மட்டும் மாற வேண்டும். மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் புரதம் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உயிர் பிழைக்காது. அவர் காட்டிய உதாரணம்: ‘வேர்டு – வோர் – கோர் – கான் – ஜீன்’. சொல் என்பது நாலே தாவலில் மரபணு ஆகிவிட்டது. நடுவில் ஒரு படிகூட அர்த்தமில்லாமல் இல்லை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. போரடிக்குது என்று சொன்ன ஜூலியா வளர்ந்து 1902-ல் ஒரு பெண்கள் பள்ளியையே தொடங்கினார். அவருடைய மகன்களில் ஒருவர்தான் பரிணாம அறிவியலில் புகழ்பெற்ற ஜூலியன் ஹக்ஸ்லி. இன்னொரு மகன் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி.

2021-ல் ஜாஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் வெளியிட்ட ‘வேர்டில்’ விளையாட்டைச் செல்போனில் பார்த்திருப்பீர்கள். ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஐந்தெழுத்து ஜாலத்துக்குக் கரோலின் துண்டுத்தாள் ஒரு மூத்த அண்ணன் என்று சொல்லலாம்.

நமக்கு என்ன?

நண்பர்களே, இதைப் படித்த பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். டிக்டேஷனில் தப்பாகப் போன சொற்களைப் பத்துத் தடவை எழுதுவதோடு நிற்காமல், ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் மூன்று எழுத்தை உருவி என் பக்கத்து பெஞ்சுக்காரியிடம் கேட்டேன். அவளும் என்னிடம் கேட்டாள். நாலு நாளில் ‘நாலெட்ஜ்’ எனக்குச் சிநேகிதமாகிவிட்டது. இன்னமும் எல்லாச் சொல்லும் சரியாக வருகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வயிற்றைக் கலக்குவது நின்றுவிட்டது.

நம்மில் சிலருக்கு எழுந்து நின்று படிக்கச் சொன்னால் வாய் திக்கும். சிலருக்கு இங்கிலீஷ் என்றால் உதறும். கரோலுக்கும் வாய் கடைசிவரை திக்கியது. அதற்காக அவர் சொற்களிடம் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஒரு நேரத்தில் ஒரு எழுத்து என்று நிதானமாகப் பழகினார். தவறான படியில் கால் வைத்தால் அழித்துவிட்டு வேறு எழுத்தைப் போட்டார். யார் திக்கினாலும் தயவுசெய்து சிரிக்காதீர்கள். அவரிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துப் பாருங்கள்.

முயன்று பாருங்கள்!

(முதல் மூன்றும் கரோல் போட்ட புதிர்கள். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முயலவும்.)

1. ‘ஃபோர்’ (நான்கு) என்பதை ‘ஃபைவ்’ (ஐந்து) ஆக்குக. இடையில் 6 சொற்கள்.
2. கோதுமையை ரொட்டியாக்குக. ‘வீட்’ என்பது ‘ப்ரெட்’ ஆக வேண்டும். ஐந்தெழுத்து, இடையில் 6 சொற்கள்.
3. ஏழையைப் பணக்காரர் ஆக்குக. ‘புவர்’ என்பது ‘ரிச்’ ஆக வேண்டும். இடையில் 5 சொற்கள்.
4. ‘எக்ஸ், ஒய்’ இரண்டும் ஒட்டி வரும் சொற்கள் இரண்டு சொல்க. (ஒன்றை மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே இழுக்கிறோம்!)
5. ‘எச், ஒய், எஸ்’ சேர்ந்து வரும் பாடம் எது?
6. ‘டபிள்யு, கே, டபிள்யு’ சேர்ந்து வரும் சொல் எது?

விடைகள்

1. ஃபோர் – ஃபவுல் (அசுத்தமான) – ஃபூல் (முட்டாள்) – ஃபுட் (பாதம்) – ஃபோர்ட் (கோட்டை) – ஃபோர் (முன்பக்கம், ஸ்பெல்லிங் வேறு!) – ஃபயர் (நெருப்பு) – ஃபைவ்
2. வீட் – சீட் (ஏமாற்று) – சீப் (மலிவு) – சீப் (குஞ்சுகள் கத்தும் ஒலி, நடுவில் இரட்டை ஈ) – க்ரீப் (ஊர்ந்து செல்) – க்ரீட் (கொள்கை) – ப்ரீட் (இனம்) – ப்ரெட்
3. புவர் – போர் (நாகரிகம் தெரியாதவர்) – புக் (புத்தகம்) – ருக் (ஒரு வகைக் காக்கை) – ராக் (பாறை) – ரிக் (வைக்கோல் போர்) – ரிச்
4. ஆக்ஸிஜன், கேலக்ஸி
5. ஃபிசிக்ஸ்
6. ஆக்வர்ட் (இசகுபிசகான)

மூன்றாவது விடையை இன்னொரு தரம் பாருங்கள். ஏழை பணக்காரர் ஆகும் வழியில் இரண்டாவது படியிலேயே புத்தகம் இருக்கிறது!

அடுத்த இதழுக்கு நீங்களும் ஒரு சொல் ஏணி கட்டி இதழ் ஆசிரியர் குழுவிடம் கொடுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி